ஜூலை மாதத் தாள்

“அப்படின்னா ஆடி மாசம் நான் என்ன பண்ணேன் டாக்டரம்மா?”

2020 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. புறநோயாளிப் பிரிவில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் இப்படிக் கேட்டாள். மடியில் எட்டு மாதக் குழந்தை. கேட்டுவிட்டு மஞ்சள் பைக்குள் கைவிட்டு, நான்காக மடித்திருந்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். 2019-ஆம் ஆண்டு மாதக் காலண்டரிலிருந்து கிழித்த ஜூலை மாதத் தாள். கட்டங்களுக்குள் பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, சீட்டுப் பணம் கட்டிய தேதி. அவற்றுக்கு நடுவே பென்சிலால் போட்ட வட்டங்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருந்தன.

அந்த வட்டங்களைப் போட வைத்தவள் நான்தான். ஏழு மாதங்களுக்கு முன்னால் அதே அறையில், அதே நாற்காலியில் அவளை உட்கார வைத்து நான் சொன்ன ஒரு விளக்கம்தான் அவளை அந்தத் தாளைத் தேட வைத்தது.

நான் எலும்பு மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளின் கை கால்களோடுதான் என் வேலை. பாதம் உள்நோக்கி வளைந்து பிறந்த குழந்தைக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போடுவது, ஒட்டிப் பிறந்த விரல்களைப் பிரிப்பது எல்லாம் பழகிப்போனவை. ஆனால் பாதிக் கை இல்லாமலே பிறந்த குழந்தையின் தாயிடம் எப்படிப் பேசுவது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது தனியாகக் கற்க வேண்டிய ஒன்று என்று நானும் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் போதும் என்றிருந்தேன்.

2020 மார்ச் முதல் வாரம் அவர்கள் முதன்முறை வந்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். தகப்பனுக்குக் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை. அவன், அவன் மனைவி, அவன் அம்மா, பிறந்து பத்து நாளான பெண் குழந்தை. குழந்தையைப் பழைய சேலைத் துணியில் கழுத்துவரை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பேருந்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் சுற்றியது என்று பிற்பாடு தெரிந்தது. துணியைப் பிரித்தேன். வலது கை முழுமையாக இருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே மூன்று விரற்கடை நீளத்தோடு நின்றிருந்தது. நுனியில் மிளகு அளவில் ஐந்து மொட்டுகள். ஒவ்வொன்றிலும் நகம் வரப்போவது போல ஒரு பள்ளம்.

நான் வாய் திறக்கும் முன்பே மாமியார் சொன்னார்: “நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். கெரகணத்தன்னைக்கு வெளிய வராத, அருவாமனையத் தொடாதன்னு. கேட்டாளா?”

2019 டிசம்பர் 26 அன்று வந்த சூரிய கிரகணத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியாகச் சென்ற வளைய கிரகணம். காலை ஒன்பதரை மணியையொட்டிச் சூரியன் நெருப்பு வளையல் மாதிரி நின்றது. அந்த நேரத்தில் எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகள் அரிவாள்மனையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கிரகணத்தில் கர்ப்பிணி எதையாவது வெட்டினால் பிள்ளை உதடோ விரலோ வெட்டுப்பட்டுப் பிறக்கும் என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. பத்து நாளாக இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளும் அதை நம்பிவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. மேசைமேல் இருந்த காலண்டரை இழுத்துப் போட்டுக்கொண்டு கணக்குச் சொன்னேன். கரு உருவான இருபத்தாறாம் நாளையொட்டிக் கைக்கான மொட்டு தோன்றுகிறது. கால் மொட்டு அதற்கு ஓரிரு நாள் கழித்து. மொட்டு நீண்டு முதலில் துடுப்பு போல ஆகிறது. அந்தத் துடுப்பில் விரல்களுக்கு இடையே உள்ள திசு தானாக அழிந்து விரல்கள் பிரிகின்றன. எட்டாம் வாரம் முடியும்போது கருவின் நீளம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும், அதற்குள் கையின் அமைப்பு முடிந்துவிடுகிறது. “உனக்குப் பிரசவம் ஆனது பிப்ரவரி கடைசி. அப்ப இந்தக் கை உருவானது போன வருசம் ஆனி நடுவுல இருந்து ஆடி நடுவுக்குள்ள. கெரகணம் வந்தது மார்கழியில. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

மாமியார் வாயடைத்துப் போனார். தகப்பன் தலையாட்டினான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அதே சூட்டில் கேஸ் ஷீட்டை எடுத்து வழக்கமான கேள்விகளையும் கேட்டு முடித்தேன். கர்ப்பமா இருக்கறப்ப என்னென்ன மாத்திரை சாப்பிட்ட? காய்ச்சல் வந்துச்சா? எக்ஸ்ரே எடுத்தியா? சொந்தத்துல கல்யாணமா? ஒவ்வொரு கேள்விக்கும் அவள் புருஷனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிறகு மெல்லிய குரலில் பதில் சொன்னாள். கூண்டில் நிற்பவளைப் போல அவள் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடமைடு என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் பாதுகாப்பானது என்று சொல்லி விற்றார்கள். கரு உருவானதிலிருந்து சுமார் இருபதாம் நாளுக்கும் முப்பத்தாறாம் நாளுக்கும் இடையில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் பலர் கை கால் குறுகிப் பிறந்தார்கள். உலகம் முழுக்கச் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு ஆகியோர் எச்சரித்த பிறகு, 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி போதிய சான்று இல்லை என்று அனுமதி தர மறுத்துக்கொண்டே இருந்ததால் அந்த நாடு பெருமளவு தப்பித்தது. கருவில் கை கால் எந்த நாட்களில் எளிதில் பாதிக்கப்படும் என்ற அறிவு அந்தக் குழந்தைகள் மூலமாகத்தான் மருத்துவத்துக்குக் கூர்மையாகக் கிடைத்தது. அந்த அறிவோடு ஒரு பழக்கமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கை கால் குறைந்து ஒரு குழந்தை பிறந்தால் தாயைப் பார்த்து நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்ன மாத்திரை சாப்பிட்ட?” என்பதாகிவிட்டது. தாலிடமைடுக் குழந்தைகளின் தாய்மார்கள் குற்றவாளிகள் இல்லை, ஏமாற்றப்பட்டவர்கள். ஆனாலும் கேள்வி மருந்தை விற்ற நிறுவனத்தை விட்டுவிட்டுத் தாயிடமே தங்கிவிட்டது.

அந்தக் குடும்பத்தை ஏப்ரலில் வரச்சொல்லி அனுப்பினேன். மார்ச் 24 நள்ளிரவோடு ஊரடங்கு தொடங்கியது. பேருந்து இல்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓட செப்டம்பர் ஆகிவிட்டது. அவர்கள் மறுபடி வந்தது அக்டோபரில், அந்தத் தாளோடு.

நான் ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தேன். ஜூலை 3, காய்ச்சலுக்குக் கடையில் வாங்கிச் சாப்பிட்ட ஒரு பாரசிட்டமால். 6, பழனிக்குப் பேருந்தில் போய் வந்த நாள். அடுத்தது, புருஷனோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் படுத்த நாள். அதற்கடுத்து, சின்ன வெங்காய மூட்டையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டது. ஒரு சாவு வீட்டுக்குப் போனது. பப்பாளிப் பழம் ஒரு துண்டு தின்றது. தங்கச்சியோடு செல்போனில் வெகுநேரம் பேசியது. ஒரு வட்டம் மட்டும் மற்றவற்றைவிடக் கனமாக இருந்தது. பென்சிலை அழுத்தி அழுத்திப் போட்டதில் தாள் கிழியும் நிலைக்கு வந்திருந்தது. ஜூலை 16, செவ்வாய். கட்டத்துக்குள் சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது: சந்திர கிரகணம்.

அன்று இரவு ஒன்றரை மணியிலிருந்து நாலரை மணிவரை நம் நாடு முழுக்கத் தெரிந்த பகுதிச் சந்திர கிரகணம் அது. மசக்கையில் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்ததால் மூன்று மணிக்கு எழுந்து வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்திருக்கிறாள். நிலா வெளிச்சம் மங்கலாக இருந்தது என்றுகூட அவளுக்கு நினைவிருந்தது. ஒருவேளை, நினைத்து நினைத்து அந்த மங்கலை அவளே உண்டாக்கிக்கொண்டாளோ, தெரியாது.

“நீங்க சொன்னது சரிதான் டாக்டரம்மா. மார்கழி கெரகணம் இல்ல. ஆடிக்கு மொத நாள் வந்ததுதான்.”

என் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன். வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

கிரகணம் எதையும் செய்யாது என்று மார்ச்சில் நான் சொல்லவே இல்லை. கிரகணம் வந்த மாதம் வேறு என்றுதான் சொன்னேன். மாமியாரின் வழக்கில் நானும் ஒரு வக்கீலாக எழுந்து, தேதியைக் காட்டி வாதாடி ஜெயித்தேன். தேதிதான் சாட்சி என்று நானே சொல்லிக்கொடுத்த பிறகு, அவள் சரியான தேதியைத் தேடிப் போனாள். ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்த ஏழு மாதமும், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, நான் குறித்துக் கொடுத்த மாதத்துக்குள் தன் தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியிருக்கிறாள். மாமியார் ஒரு நாளைக் குற்றம் சொன்னார். நான் ஒரு மாதம் முழுவதையும் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

அன்று பதினோரு வட்டத்துக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னேன். பாரசிட்டமால் இல்லை. பேருந்துக் குலுக்கல் இல்லை. ஒரு நாள் பட்டினி இல்லை. மூட்டை இல்லை, சாவு வீடு இல்லை, பப்பாளி இல்லை, செல்போன் இல்லை. கிரகணத்துக்கு வந்ததும் வேறு மாதிரி சொன்னேன். “அன்னைக்கு ராத்திரி இந்தியா முழுக்கத் தெரிஞ்ச கெரகணம்மா அது. உன்னை மாதிரி ரெண்டு மாசத்துல இருந்த பொண்ணுங்க மட்டும் பல லட்சம் பேர் இருந்திருப்பாங்க. அதுல எத்தனை பேர் வாந்தி எடுக்க எந்திரிச்சிருப்பாங்க! அவங்க பிள்ளைகள்ல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ரெண்டு கையும் இருக்கு. நிலா மேல பூமியோட நிழல் விழுந்தா உன் வயித்துக்குள்ள ஒண்ணும் ஆகாது. ஆடியிலயும் ஆகாது, மார்கழியிலயும் ஆகாது.”

பிறகு, மார்ச்சிலேயே முதல் வாக்கியமாகச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். “நீ செஞ்ச எதனாலயும் இது வரல. நீ செய்யாம விட்ட எதனாலயும் வரல.”

“அப்ப எதனால?”

இங்கேதான் மருத்துவர்கள் தடுமாறுவோம். கைமொட்டின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும் அந்தச் சில நாட்களில், அங்கே போகும் மிக நுண்ணிய ரத்தக் குழாயில் ஓட்டம் கொஞ்சம் தடைபட்டிருக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அதைச் சொன்னேன். ஏன் தடைபட்டது என்றால், தெரியாது. எனக்கும் தெரியாது, இதையே ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் உன் குழந்தை விஷயத்தில் தெரியாது என்றேன். ‘தெரியாது’ என்ற சொல்லை நோயாளியிடம் சொல்வது தோல்வி என்று அதுவரை நினைத்திருந்தேன். அதைக் கேட்டதும் அவள் தோள் இறங்கியது. அழுதாள். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் குட்டிக் கையால் தாடையைத் தட்டியது.

மாமியார் அன்று அறைக்குள் வரவில்லை. நான் மதியம் வார்டுக்குப் போகும்போது நடையில் காத்திருந்து வழிமறித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “எம் மாமனாருக்கு எடது கால்ல ஆறு விரலு. எங்க வம்சத்துல இருந்து வந்திருச்சோ தாயி?” என்றார். எட்டு மாதமாக அந்த அம்மாள் மருமகள் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தது எதை மறைக்க என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறாம் விரலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மார்ச்சில் இவரை வாயடைக்க வைத்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததை நினைத்து வெட்கப்பட்டேன்.

இப்போது நான் பேசும் முறை மாறிவிட்டது. பெற்றோர்களுக்கும் இது பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

குழந்தையை முதலில் நான் கையில் வாங்குகிறேன். துணியை முழுக்கப் பிரித்து, இருக்கும் கையை, கால்களை, முதுகை, நெஞ்சைப் பார்த்துவிட்டுக் கடைசியில் குறுகிய கையைப் பிடிக்கிறேன். பிடித்தபடியே பேசுகிறேன். ஒரு மருத்துவர் தயங்காமல் அந்தக் கையைத் தொடுவதைப் பார்க்கும்போது தகப்பன்மார்களின் முகத்தில் ஏதோ மாறுகிறது. முன்பெல்லாம் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, இல்லாத எலும்பைச் சுட்டிக்காட்டித் தொடங்குவேன். இப்போது இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். ‘குறை’, ‘ஊனம்’ என்ற சொற்களை விட்டுவிட்டேன். அரசு கொண்டுவந்த ‘மாற்றுத்திறனாளி’ நல்ல சொல்தான், சான்றிதழுக்கும் சலுகைக்கும் அது வேண்டும். ஆனால் பத்து நாள் குழந்தைக்கு அதுவும் பாரம். “இந்தக் கைக்கு வீட்ல ஒரு பேரு வைங்க” என்கிறேன். ஒட்டன்சத்திரத்துப் பெண் வைத்த பெயர் ‘குட்டிக் கை’. அதை நான் மற்றவர்களுக்கும் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரைக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. வலிப்புக்குச் சாப்பிடும் சில மருந்துகளும், கட்டுப்படாத சர்க்கரையும் கருவின் உறுப்புகளைப் பாதிக்கக் கூடும். மருத்துவரைப் பார்க்காமல் கடையில் வாங்கும் கருக்கலைப்பு மாத்திரை வேலை செய்யாமல் போய்க் கர்ப்பம் தொடர்ந்தால், அதுவும் கை கால்களைப் பாதிக்கலாம். அடுத்த கர்ப்பத்துக்காக இவற்றைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் முதல் நாள் கேட்பதில்லை. இரண்டாம் முறை வரும்போது தாயைத் தனியாக, கதவைச் சாத்திவிட்டு, எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே தண்ணீரும் அதே நாற்காலியும் அதே நேரமும் கொடுத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லாக் குழந்தையும் ஒன்றல்ல என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாயிரம் பிறப்புகளில் ஐந்தாறு குழந்தைகள் இப்படி ஏதோ ஒரு வகையில் கையிலோ காலிலோ ஒரு பகுதி இல்லாமல் பிறக்கிறார்கள். குறுக்கே வெட்டியது போல, முழங்கைக்குக் கீழே ஒரு கை மட்டும், பெரும்பாலும் இடது கை, நின்றுபோன குழந்தைக்கு மற்ற உறுப்புகள் பொதுவாக நன்றாகவே இருக்கும். அடுத்த பிள்ளைக்கும் வரும் என்ற பயம் அங்கே தேவையில்லை. ஆனால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு இல்லாமல் கை உள்நோக்கி மடிந்திருந்தால் கதை வேறு. கை உருவாகும் அதே வாரங்களில்தான் இதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த மருத்துவர் ஒருவர் சொல்வார், கட்டைவிரல் இல்லையா, கையைப் பார்க்கும் முன் நெஞ்சில் ஸ்டெத்தை வை என்று. அந்தக் குழந்தைகளுக்கு இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன், ரத்த அணுக்களின் எண்ணிக்கை மூன்றையும் தவறாமல் பார்க்க வேண்டும். ஃபான்கோனி ரத்தசோகை என்று ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. சில சமயம் பிறக்கும்போது கட்டைவிரலில் மட்டும் அடையாளம் காட்டிவிட்டு, எலும்பு மஜ்ஜை பழுதாவதைப் பல ஆண்டுகள் கழித்துக் காட்டும். சொந்தத்தில் கல்யாணமா என்ற கேள்வி அங்கேதான் உண்மையிலேயே தேவைப்படுகிறது. அப்போதும் அது பழி சொல்லக் கேட்கும் கேள்வி அல்ல. உள்ளங்கை நடுவில் பிளந்து பிறக்கும் வகையும், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு இல்லாமல் பிறக்கும் வகையும் சில குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடும். அவர்களை மரபணு ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும்.

எல்லாப் பெற்றோரும் கேட்கும் இன்னொரு கேள்வி, “இந்த மொட்டு வளர்ந்து விரலாகுமா?” ஆகாது. இதை மழுப்பக் கூடாது. மழுப்பினால் தினமும் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு சேர்த்து நான் சொல்வது, அந்த மொட்டுகளில் உணர்ச்சி இருக்கிறது என்பது. சூடு, குளிர், சொரசொரப்பு, அம்மாவின் கன்னம் எல்லாம் அந்த நுனிக்குத் தெரியும். அதனால் முழுக்கைச் சட்டை போட்டு மூடாதீர்கள், உறை மாட்டாதீர்கள், திறந்து விடுங்கள். மூடி வைத்தால் குழந்தைக்கு அந்தக் கை இருப்பதே மறந்துபோகும்.

செயற்கைக் கை எப்போது வைக்கலாம் என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் நானே அவசரப்படுத்துவேன். உட்காரத் தொடங்கும் வயதிலேயே ஒன்றை மாட்டிவிடச் சொல்வேன். பெற்றோர் கடன் வாங்கிச் செய்த கைகள் பரணில் கிடப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் நிதானம் வந்தது. அமெரிக்காவில் முழங்கைக்குக் கீழ் ஒரு கை குறைந்த 489 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. செயற்கைக் கை அணிந்தவர்களின் செயல்திறனோ வாழ்க்கைத் தரமோ அணியாதவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டுவிடவில்லை என்றது அது. சைக்கிள் ஓட்ட, வாத்தியம் வாசிக்க என்று ஒரு வேலைக்காக ஒரு கருவி நன்றாக உதவலாம். அது குழந்தை கேட்கும்போது. பிறர் கண்ணுக்காக என்றால், குழந்தையின் உணர்ச்சியுள்ள நுனியை பிளாஸ்டிக்கில் மூடியது மட்டும்தான் மிச்சமாகும். காலில் கதை வேறு. நிற்கும் வயது வந்ததும் காலுக்குச் செயற்கைக் கால் வேண்டும், நடை அதைப் பொறுத்தது.

வலது கை இல்லாத பிள்ளைகளுக்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு சிரமம் உண்டு. இடது கையால் சாப்பிடாதே, இடது கையால் கொடுக்காதே, திருநீறை இடது கையில் வாங்காதே. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பந்தியில் உட்காரவே மாட்டாள் என்று அவள் அப்பா சொன்னார். அவளை நான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடம் மட்டும், வீட்டில் ஒரு வாரம் எல்லாரும் இடது கையால் சாப்பிட்டுப் பாருங்கள் என்றேன். செய்தார்கள். தாத்தாதான் முதலில் சோற்றைச் சிந்திக்கொண்டாராம், அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். அதற்கடுத்த கல்யாணத்தில் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒட்டன்சத்திரத்துக் குழந்தை 2025 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, குட்டிக் கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் மூடியைத் திருகித் திறக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் திறந்து காட்டினாள். அவளுக்கு இப்போது ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கு இரண்டு கையும் இருக்கின்றன. அவனைச் சுமந்த ஒன்பது மாதமும் அம்மா எந்தக் காலண்டரிலும் வட்டம் போடவில்லை என்று சொன்னாள். அந்த ஜூலைத் தாளை அவள் திரும்பக் கேட்கவில்லை. அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு குழந்தை பிறந்திருக்கலாம். பார்க்கப் போவீர்கள். போனால், மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், கிரகணம் வந்ததா என்று அந்தத் தாயிடம் கேட்காதீர்கள். அவள் ஏற்கெனவே ஒவ்வொரு நாளாக எண்ணி முடித்திருப்பாள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் துணியைப் பிரித்து, அந்தக் கையைப் பிடியுங்கள்.